பி.ஏ. (பெயில்): தேர்வும் உழைப்பும் பற்றிச் சில குறிப்புகள்

சித்தப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ரசீதுப் புத்தகங்கள், ஒரு ரேடியோ லைசென்ஸ், அடியில் நூல் சுற்றிய ஒரு கட்டு. கட்டுக்குள் ஏழு ஹால் டிக்கெட்டுகளும், கூடவே குண்டூசி குத்திய ஆங்கிலக் கேள்வித்தாள்களும் இருந்தன. 1964 மார்ச் தொடங்கி 1967 மார்ச் வரை, மார்ச், செப்டம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை. விடை எழுதிய கேள்விகளுக்கு நேராகப் பென்சிலால் டிக் போட்டிருந்தார். பொருளாதாரத்தில் பாஸ், தமிழில் பாஸ். ஆங்கிலம் மட்டும் நின்றுவிட்டது. ஒரு தடவை நாலு மார்க்கில் போனது என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஊரில் அவருக்குப் பெயரே 'பி.ஏ. பெயில்' தான். கேலியும் உண்டு, கொஞ்சம் மரியாதையும் உண்டு. பாட்டி அவரைப் பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது: "ராவும் பகலும் படிச்சான், ஆனா கருத்தாப் படிக்கல." ராவும் பகலும் படித்தது பாட்டி கண்ணால் பார்த்தது. கருத்தாகப் படிக்கவில்லை என்பதை அவள் எங்கிருந்து தெரிந்துகொண்டாள்? ரிசல்ட்டிலிருந்துதான். பாஸாகியிருந்தால் அதே ராவும் அதே பகலும் கருத்தான உழைப்பாக ஆகியிருக்கும். எழுத்து வாசனை இல்லாத ஒரு கிழவியின் வாயில் இந்தத் தர்க்கம் எப்படி வந்து உட்கார்ந்தது என்கிற கேள்வியிலிருந்துதான் இந்தக் குறிப்புகள் தொடங்குகின்றன. முடிவைக் கொண்டு முயற்சியை அளக்கும் இந்தப் பழக்கத்துக்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. பட்டத் தேர்வின் வரலாறுதான் அது.

சார்லஸ் வுட்டின் 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என மூன்று பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டன. சென்னைக்கான சட்டம் செப்டம்பர் 5ஆம் தேதி. வடக்கே கலகம் நடந்துகொண்டிருந்த அதே வருஷம். மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அப்போதைய லண்டன் பல்கலைக்கழகம் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை; தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் ஓர் அமைப்பு, அவ்வளவுதான். அதையே இங்கே கொண்டுவந்து நட்டார்கள். ஆக, நம்முடைய ஊரில் பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்குப் பொருளாக முதலில் வந்தது நூலகமும் அல்ல, வகுப்பறையும் அல்ல, ஆய்வும் அல்ல. கேள்வித்தாளும் மதிப்பெண் பதிவேடும்தான். சென்னைப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ முதல் அரை நூற்றாண்டு முழுவதும் அப்படித்தான் இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. தீர்ப்பளிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை.

(ஃபூக்கோவைக் கூப்பிடாமல் ஒரு கட்டுரை எழுத முடியாதா என்று ஒரு நண்பர் அடிக்கடி கேட்பார். இந்த இடத்தில் முடியவில்லை. தேர்வு என்பது ஆளைக் கண்காணிப்பதையும் ஆளுக்குத் தரம் குறிப்பதையும் ஒரே சடங்கில் இணைக்கிறது, ஒவ்வொரு ஆளையும் ஒரு 'கேஸ்' ஆக்கிக் காகிதத்தில் பதிகிறது என்று அவர் சொன்னதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் ஐரோப்பாவில்கூடக் கிடைக்காது. அங்கே தேர்வு ஏற்கெனவே இருந்த ஒரு கல்வி நிறுவனத்துக்குள் வந்தது. இங்கே தேர்வே நிறுவனம்.)

கல்கத்தாவில் 1858இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வைப் பார்ப்போம். எழுதியவர்கள் பத்துப் பேர். ஒருவர்கூட முழுசாகத் தேறவில்லை. ஆறு பாடங்களில் ஐந்தில் நன்றாகத் தேறி ஆறாவதில் ஏழு மார்க்குக்கு மேற்படாமல் குறைந்துபோன இருவருக்கு மட்டும் தனிச் சலுகையாகப் பட்டம் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. இரண்டாம் வகுப்பு. அந்த இருவரில் ஒருவர் ஜதுநாத் போஸ், மற்றவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயா. இந்தியாவின் முதல் பட்டதாரிகள் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் பெயர்கள் கிரேஸ் மார்க்கில் வந்தவை. பங்கிமைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாஸ், பெயில் என்ற கோடு ஏதோ அறிவின் இயல்பிலேயே இருப்பதுபோல நாம் நம்புகிறோமே, அது முதல் நாளிலேயே ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த சில பேர் அழித்துப் போட்ட கோடு. பட்டதாரியே இல்லாமல் ஒரு பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழா நடத்த முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சித்தப்பாவுக்கு நாலு மார்க் குறைந்தபோது அப்படி யாரும் உட்காரவில்லை.

இந்த இடத்தில் ஒரு கதையையும் சொல்லிவிட வேண்டும். நம் மேடைகளில் அடிக்கடி கேட்பது: இங்கிலாந்தில் பாஸ் மார்க் 65, இந்தியனுக்கு அதில் பாதி அறிவுதான் என்று வெள்ளைக்காரன் இங்கே 33 வைத்தான். இதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை; சொல்பவர்களும் காட்டுவதில்லை. ஆனால் இந்தக் கதை ஏன் நமக்குத் தேவைப்படுகிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். கோட்டை வெள்ளைக்காரன் தாழ்வாகப் போட்டான் என்று சொல்லிக்கொண்டால், அந்தத் தாழ்வான கோட்டையும் தாண்ட முடியாமல் போனவர்களைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

சென்னையின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார். சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். தமிழ்ப் பதிப்பு வரலாறு தெரிந்தவர்களுக்குத் தாமோதரம் பிள்ளையைச் சொல்ல வேண்டியதில்லை. வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று அச்சேற்றியவர். பல்கலைக்கழகம் பிறந்து ஒரு வருஷம் சுற்றுவதற்குள் கடல் தாண்டி வந்த இரண்டு பேர் எப்படி முதலில் வந்தார்கள்? இரண்டு பேரும் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் எல்லாவற்றையும் தங்க வைத்து, சோறு போட்டு, வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்த இடம் அது. 1855இல் மூடப்பட்டுவிட்டது. பரீட்சை எழுதியபோது விசுவநாத பிள்ளை இளைஞர்கூட அல்ல; பல வருஷம் ஆசிரியராக இருந்தவர். அதாவது அவர்களுடைய உழைப்பும் அந்த உழைப்பைத் தாங்கிய சோறும் விளக்கும் பல்கலைக்கழகம் பிறக்கும் முன்பே வேறெங்கோ செலவாகிவிட்டிருந்தன. பல்கலைக்கழகம் செய்தது அதற்கு முத்திரை குத்தியதுதான். முத்திரையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. செமினரி இல்லை.

என் வாதமும் இதுதான். உழைப்பு என்பது தனியாளின் சரக்கு அல்ல. ஒரு குடும்பமோ ஒரு சாதியோ ஒரு மடமோ ஒரு மிஷனோ சேர்ந்து உற்பத்தி செய்கிற பொருள் அது. தேர்வு அதைத் தனியாளின் பெயரில் பட்டா போட்டுக் கொடுக்கிறது. தோல்வியையும் அதேபோல.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் காசில்லாத பிராமணப் பையன்கள் அக்ரகாரத்தில் 'வாரச் சாப்பாடு' சாப்பிட்டுக் கல்லூரிக்குப் போனார்கள். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு வீடு. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பையன்கள் பட்ட பாடும் பாடுதான். தெருவிளக்கில் படித்த கதைகள் எல்லாம் பொய்யல்ல. ஆனால் ஏழு வீட்டு அடுப்பு அவர்களுக்காக எரிந்தது. அதே ஊரில் அந்தத் தெருவுக்குள் நடக்கவே உரிமையில்லாத ஒருவனின் பையனுக்கு எந்த வீட்டில் வாரம்? நாடார்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். உறவின்முறைக்குள் மகமை வசூலித்து 1880களில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வியாபாரக் கணக்கில் ஒரு பங்கு பள்ளிக்கூடமாக மாறியது. மகமை போட ஒரு கடைவீதியும் இல்லாத சாதிகளுக்கு இந்த வழியும் இல்லை.

தேர்வின் அமைப்பும் இதற்குத் தோதாகவே இருந்தது. ஒரு பாடத்தில் தவறினால் மொத்தமும் தவறியதாகக் கணக்கு. மற்றப் பாடங்களில் எடுத்த மார்க் காற்றோடு போகும். மறுபடி எல்லாவற்றையும் எழுத வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை பி.ஏ.யை ஆங்கிலம், இரண்டாம் மொழி, விருப்பப் பாடம் என்று பகுதி பகுதியாகத் தேறலாம் என்று ஆக்கினார்கள். அதற்குக் கீழே எஃப்.ஏ.யில் பழைய முறைதான். திரும்ப எழுதுவதற்கு ஒரு வருஷச் சாப்பாடு வேண்டும், தேர்வுக் கட்டணம் வேண்டும், ஊரில் கல்யாணத்தைத் தள்ளிப்போடப் பொறுமையுள்ள பெற்றோர் வேண்டும். இதெல்லாம் உள்ளவன் மூன்றாம் தடவை பாஸாகி 'விடாமுயற்சி' என்று பெயர் வாங்குவான். இல்லாதவன் முதல் தடவையோடு நின்று 'முயற்சி போதாதவன்' ஆவான்.

'பி.ஏ. பெயில்' என்ற பட்டம் பிறந்தது இங்கேதான். இந்தியன் தோல்வியைக்கூடப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறான் என்று வெள்ளை அதிகாரிகளும் பத்திரிகைகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம்மவர்களும் வாங்கிக்கொண்டார்கள். சிரிப்பதற்கு முன் கணக்குப் பார்க்கலாம். பி.ஏ.யில் தவறியவன் என்றால் மெட்ரிகுலேஷனும் எஃப்.ஏ.யும் தேறியவன், அதற்கு மேல் இரண்டு வருஷம் ஆங்கிலத்தில் படித்தவன் என்று அர்த்தம். கலெக்டர் ஆபீசுக்கும் ரயில்வேக்கும் வேண்டியது அதுதான். மலிவான சம்பளத்துக்குக் கிடைத்த தேர்ந்த குமாஸ்தா. தோற்றவர்களை உற்பத்தி செய்ததால்தான் காலனிய அலுவலகம் ஓடியது. சாதித்தவர்களைவிடத் தோற்றவர்களின் உழைப்பு அரசுக்கு லாபமாக இருந்தது என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

கர்சனுக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. படித்து, தோற்று, வேலையில்லாமல், அரசியல் பேசிக்கொண்டு திரிகிறவர்கள். 1902இல் ராலே தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கமிஷன், கற்பித்தல் தேர்வுக்கு அடிமையாகக் கிடப்பதே இந்த அமைப்பின் பெருங்கேடு என்று எழுதியது. சரியான நோய்க்குறிதான். கொடுத்த மருந்து வேறு. குறைந்தபட்சக் கட்டணம் விதிக்க வேண்டும், இரண்டாந்தரக் கல்லூரிகளைக் கழித்துக்கட்ட வேண்டும் என்ற போக்கில் போனது. கமிஷன் உறுப்பினர் குருதாஸ் பானர்ஜி தனியாக எழுதிய மறுப்புக் குறிப்பில், கட்டணம் ஏழைகளை வெளியே தள்ளும் என்று எதிர்த்தார். 1904இல் சட்டம் வந்தது. 'தரம்' என்ற சொல் நம் கல்விப் பேச்சில் அழுத்தமாக உட்கார்ந்தது அந்தக் காலத்தில்தான். வந்தபோதே யாரையோ வெளியேற்றும் வேலையோடு வந்தது.

அதே சமயத்தில், 1902 வாக்கில், சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து தமிழை எடுத்துவிடும் யோசனை வந்தது. பரிதிமாற் கலைஞரும் எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்துப் போராடியது தெரிந்ததே. இதை மொழிப்பற்றின் கதையாக மட்டும் நாம் வாசித்துவிட்டோம். இரண்டாம் மொழி என்ன என்பது யார் பாஸாவார்கள் என்பதைத் தீர்மானிக்கிற விஷயமும்கூட. வீட்டில் சமஸ்கிருதம் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவனுக்கும், அதைக் காதில் வாங்கவே தடை செய்யப்பட்டவனுக்கும் ஒரே வினாத்தாள். பம்பாயில் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பியும் அனுமதிக்கப்படாமல் பாரசீகம் எடுத்தார். 1907இல் மெட்ரிகுலேஷனில் அவர் வாங்கியது 750க்கு 282. இன்றைய தரவரிசை ஆட்கள் கையில் அந்த மார்க் ஷீட்டைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ராமானுஜன் கதைக்கு வருவோம். வராமல் இருந்தால் விடமாட்டார்கள். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரி. 1906இல் எஃப்.ஏ. பெயில். 1907இல் மறுபடி பெயில். உழைப்பு இல்லையா? நோட்டுப் புத்தகங்கள் சாட்சி. ஆனால் அந்த உழைப்புக்குத் தேர்வில் பத்தி இல்லை. 1913இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டமும் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் ஆய்வின் பேரில் அவருக்கு பி.ஏ. கொடுத்தது. இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு ஆள் ஹார்டி. கேம்பிரிட்ஜின் ட்ரைபாஸ் தேர்வை வாழ்நாள் முழுக்க வெறுத்தவர். காசு கொடுத்து அமர்த்திக்கொண்ட தனிப் பயிற்சியாளர்கள் மாணவர்களைப் பந்தயக் குதிரைபோலத் தயாரித்த தேர்வு அது; முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படி அறிவிக்கும் வழக்கம் 1909ஓடு நின்றது. அங்கே எஜமானர்களே சலித்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே நாம் அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தோம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் "பாத்தியா, மேதை எப்படியும் மேலே வந்துடுவான்" என்று முடிப்பார்கள். வந்தார்தான். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். துறைமுக டிரஸ்டில் நாராயண ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். தோற்ற ஒருவனின் நோட்டைப் பிரித்துப் பார்க்க ஒரு கலெக்டர் நேரம் ஒதுக்கினார். 1907இல் எஃப்.ஏ. தவறிய மற்றவர்களின் நோட்டுகளை யார் பிரித்தார்கள்? அவர்களெல்லாம் மேதைகள் என்று நான் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்கப்படவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

1901இலிருந்து 1911 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களின் கணக்கு இது: பிராமணர் 4,074. பிராமணரல்லாத இந்துக்கள் 1,035. இந்தியக் கிறித்தவர் 306. முஸ்லிம்கள் 69. ஐரோப்பியரும் யூரேஷியரும் 225. மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேராக இருந்தவர்களிடம் பத்துப் பட்டத்தில் ஏழு. இந்த ஏற்றத்தாழ்வின் மீதுதான் 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை எழுந்தது. அதற்கு அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: அவர்கள் படித்தார்கள், நீங்கள் படிக்கவில்லை. பாட்டியின் வாக்கியமேதான். ஒரு சாதிக்கே நீட்டி எழுதப்பட்ட 'கருத்தாப் படிக்கல'.

நீதிக்கட்சி மரபின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. அவர்கள் எண்ணியது பட்டதாரிகளை. தோற்றவர்களை எண்ணவில்லை. பிராமணரல்லாதாரில், ஆதிதிராவிடரில், எத்தனை பேர் தேர்வு வரை போய்த் திரும்பினார்கள் என்பது அரசியல் கேள்வியாக ஆகவே இல்லை. பட்டம் என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டு அதில் பங்கு கேட்டார்கள். பங்கு கேட்டது நியாயம், அவசியம். அதனால்தான் என் தலைமுறை கல்லூரி வாசலைப் பார்த்தது. ஆனால் அளவுகோலை யாரும் தொடவில்லை. தொட்டவர் என்று சொன்னால், விரும்பிச் செய்யாவிட்டாலும், உ.வே. சாமிநாதையரைச் சொல்லலாம். பரீட்சை எதுவும் தேறாதவர் 1880இலிருந்து கும்பகோணம் கல்லூரியில் பட்ட வகுப்புக்குத் தமிழ் நடத்தினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகமே அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1948–49இல் ராதாகிருஷ்ணன் கமிஷன், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்ய முடியுமென்றால் அது தேர்வில்தான் இருக்க வேண்டும் என்று எழுதியது. எழுதியதோடு சரி. தெருவுக்குத் தெரு டுடோரியல் காலேஜ் முளைத்தது. அப்புறம் செமஸ்டர் வந்தது. 'பெயில்' போய் 'அரியர்' வந்தது. எனக்கே மூன்று அரியர். வார்த்தை மாறியதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; பெயில் என்றால் ஆள் தோற்றவன், அரியர் என்றால் பாக்கி வைத்திருப்பவன். கடன் அடைக்கலாம். 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் எல்லாம் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. இறுதி செமஸ்டருக்கு மட்டும் கிடையாது. தமிழ்நாடே சிரித்தது, மீம் போட்டது. வழக்கு நடந்து, தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. நானும் அந்த அறிவிப்பை ஆதரிக்கவில்லை. ஆனால் அதில் ஓர் உண்மை வெளியே வந்துவிட்டதே என்று நினைத்தேன். பாஸுக்கும் பெயிலுக்கும் நடுவே ஓர் அரசாணையும் கட்டண ரசீதும் போதும் என்றால், 1858 கல்கத்தா மேஜைக்கும் இதற்கும் என்ன தூரம்? அன்றைக்கு இரண்டு பேர், இன்றைக்கு லட்சக்கணக்கில். சிரிப்பு மட்டும் இரண்டாவதற்குத்தான்.

சித்தப்பாவின் கட்டுக்குத் திரும்புகிறேன். கேள்வித்தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். 1964இல் டிக்குகள் குறைவு. 1965இல் கூடுகிறது, கல்யாணம் ஆன வருஷம். 1966இல் கேட்ட அத்தனை கேள்விக்கும் டிக் இருக்கிறது, ஓரத்தில் பென்சிலால் உத்தேச மார்க்கும் போட்டுக் கூட்டியிருக்கிறார். அவர் கூட்டின கணக்குப்படி பார்த்தால் தாராளமாகப் பாஸ். எந்த வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தார் அவர்? எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்பது தந்தி வந்தால் போஸ்ட் மாஸ்டரிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கேட்பது.

1967 மார்ச் ஹால் டிக்கெட்டோடு மட்டும் கேள்வித்தாள் இல்லை. தொலைந்திருக்கும் என்று நினைத்தேன். சித்தியிடம் கேட்டேன். ஏழு தடவையில் நாலு தடவை விடிகாலை எழுந்து விளக்கு ஏற்றியவள், சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்தான். ஹால் டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குண்டூசி குத்திய ஓட்டைகூட அதில் இல்லை.

"அன்னைக்கும் புளிச்சோறு கட்டிக் குடுத்தேனேப்பா. சாயங்காலம் தூக்குப்போணிய காலியாத்தானே கொண்டாந்தாரு" என்றாள்.